பொழுது சாய்ந்தால் கோழி எங்கே போகும்?

மங்கலபுரி ராஜாவுக்கு விடியற்காலைத் தூக்கமென்றால் வெல்லக்கட்டி. ஊர்ச் சேவல்களோ அப்போதுதான் தொண்டையைத் திறக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் முரசறையச் சொல்லிவிட்டார்: "கோட்டைக்குள் இனி கோழியே கூடாது. எந்த வீட்டுக் கோழி அகப்பட்டாலும் அந்த வீட்டார் மறுநாளே ஊரைவிட்டுப் போகவேண்டும்!"

பத்து நாள் கழித்து, கோட்டைத் தலைவன் நஞ்சுண்டன் தெருவில் பிடித்த பன்னிரண்டு கோழிகளைக் கூடைகளில் அள்ளிவந்தான். கூடவே செங்கமலம் என்கிற நெசவுக்காரப் பெண். தோளில் மூன்று மாதக் குழந்தை.

"கறுப்புக் கோழி இவளுடையது, மகாராஜா. மற்றதும் இவளுடையதாகத்தான் இருக்கும்!"

"கறுப்பி மட்டுந்தான் சாமி என்னுது," என்று விம்மினாள் செங்கமலம். "இந்த மழைக்காலத்துல பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

ராஜாவுக்கு மனம் இளகியது. ஆனால் முரசறைந்தாயிற்றே! மீசையைத் தடவி யோசித்தார். மீசையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

வாய்த்துடுக்குக்குப் பேர்போன அமைச்சர் சாத்தப்பர் எழுந்தார். "ஒருத்தியைத் துரத்திவிட்டு மற்றவர்களை விட்டால் எப்படி, மகாராஜா? எல்லாரையும் பிடிப்போம்."

"யாரய்யா ஒப்புக்கொள்வார்?"

"மனிதர் ஒப்புக்கொள்ளமாட்டார். கோழி ஒப்புக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் அது தன் கூட்டுக்குத்தான் போகும். அரண்மனை வாசலில் திறந்துவிடுங்கள். அது நுழைகிற வீடு நாளை காலி. யாருக்கும் விலக்கில்லை என்று வாக்குக் கொடுங்கள்."

"கொடுத்தேன்!"

செங்கமலம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "நீங்களாவது காப்பாத்துவீங்கன்னு நெனச்சேனே, ஐயா!"

"அழாதே அம்மா. கோழியை நம்பு."

சாயங்காலம் கூடைகள் திறந்தன. கறுப்பி நெசவாளர் தெருவுக்குப் பறந்தது. இரண்டு, அரண்மனை வைத்தியர் கொல்லைக்குள் புகுந்தன. நான்கு, வரிசை கலையாமல் நஞ்சுண்டன் வீட்டுக்கே நடந்தன.

"ஐயோ, என் பெண்சாதி சொல்லவே இல்லையே, மகாராஜா!"

மற்றவை தெருத்தெருவாகப் பிரிந்தன. கடைசியில் ஒரு குண்டுப் புள்ளிக்கோழி. இறகை உதறியது. ராஜாவின் காலைத் தாண்டியது. படியேறியது. நேராக அந்தப்புரத்துக்குள் போனது.

உள்ளேயிருந்து ராணியின் குரல்: "வந்துட்டியா பவுனு! பகலெல்லாம் எங்கேடி சுத்தினே?"

ராஜா அந்தப்புரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

சாத்தப்பர் பணிவாகக் குனிந்தார். "மீசையில் முட்டைக்கரு, மகாராஜா. கோழியில்லாத ஊரில் முட்டை ஏதென்று காலையிலிருந்து எனக்கு ஒரே யோசனை. போகட்டும், விடிந்ததும் ராணியாருக்கு வண்டி பூட்டச் சொல்கிறேன். உங்களுக்கும் அதிலேயே இடம் போடட்டுமா? 'வீட்டார்' என்றுதானே முரசறைந்தோம்!"

ராஜா வெடித்துச் சிரித்தார். சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது.

"முரசுக்காரனைக் கூப்பிடு! உத்தரவு ரத்து! சாத்தப்பருக்குப் பொற்சங்கிலி! அம்மா செங்கமலம், நீ வீட்டுக்குப் போ. போய்..." ராஜா குரலைத் தாழ்த்தினார். "காதில் வைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் பஞ்சு அனுப்பு."