ரிம் வளர்ந்த ஓர் அங்குலம்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பந்தய பைக் ஒன்று இருந்தது. கல்லும் மேடுமான பாதையில் ஓடும் வண்டி. பின்சக்கரத்தில் டயர் மாட்டும் உலோக வளையமான ரிம் பதினெட்டு அங்குலம். ஓட்டுபவன் பெயர் ஜெரால்டு.

டவுனில் மண் மைதானத்தில் நடந்த பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், மெக்கானிக் காதர் பாயிடம் போய் நின்றான். "ஜெயிச்ச வண்டிக்கெல்லாம் பின்னாடி பத்தொன்பது, பாய். எனக்கும் மாத்திவிடுங்க."

"அது மெத்து மெத்துன்னு மண்ணு, தம்பி. நீ ஓட்டுறது கல்லு."

"பெருசுன்னா பெருசுதானே பாய்?"

காதர் பாய் பழைய சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். பக்கத்திலேயே புதியதை நிறுத்திவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனார்.

புதுச் சக்கரத்தின் ரிம் பளபளத்தது. "பாத்தியா கிழவா? உன்னைவிட நான் ஓர் அங்குலம் பெரியவன்."

"நீ பெரியவன்தான்" என்றது பழைய சக்கரம். "ஆனா டயரோட சேத்துப் பாரு, ரெண்டு பேரும் ஒரே உசரம். அந்த அங்குலம் எங்கேருந்து வந்துச்சுன்னு உன் டயரைக் கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. டயர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. "என் சதையிலேருந்து வந்துச்சு! இவன் பெருசாகுறதுக்கு நான் இளைச்சேன்."

உள்ளே இருந்த டியூப் நடுங்கியது. "அண்ணே, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல எனக்கு மெத்தையே நீதானே? நீ இளைச்சா நான் நசுங்கிடுவேனே."

"நாமெல்லாம் ஒரே சக்கரம்மா" என்றது ரிம். "கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"அனுசரிக்கிறது யாரு? நீயா?" என்றது டயர்.

பந்தய நாள் வந்தது. வறண்ட ஓடையில் வண்டி வேகமாக இறங்கியது. கூர்மையான கல் ஒன்று எதிரே நிமிர்ந்து நின்றது. டயர் தன்னால் ஆனமட்டும் அமுங்கிக் கொடுத்தது. போதவில்லை. டியூப் அலறியது.

"அடடா, கல்லு கடிச்சிடுச்சே" என்றது ரிம்.

"கல்லு ஒண்ணுதான்" என்றது டியூப், போகிற மூச்சில். "காயம் ரெண்டு. ரெண்டும் உன் விளிம்பு ரெண்டும் பதிஞ்ச இடம்."

அதற்குமேல் அதற்குக் காற்றில்லை.

டயர் சிறிது தூரம் உருண்டது. உள்ளே அந்த இடம் காலியாக இருந்தது.

முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்ததால் ஜெரால்டு வண்டியை நிறுத்தவில்லை. ரிம் டயரை அதட்டியது. "விடாதே, ஓடு! ஒரு டியூப்தானே? நாளைக்கே புதுசு வரும். மானம் போனா வருமா?"

"யாரு மானம்டா?" என்றது டயர். "நாளைக்கு வர்றவகிட்டயும் அனுசரிச்சுப் போன்னுதானே சொல்லுவே?"

அது பிடியை விட்டது. ரிம்மிலிருந்து ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. வண்டி தடுமாறிச் சாய, ஜெரால்டு மணலில் உருண்டான். வெறும் ரிம் அடுத்த கல்லின் மேல் போய் மோதியது. பளபளத்த விளிம்பு உள்பக்கமாக மடங்கியது.

"ஐயோ!" என்று அலறியது ரிம். "என்னது இது?"

"இதுதான் கல்லு" என்றது டயர்.