தெர்மோஸ்டாட் போன இடம்

வண்டிக்காரர்களெல்லாம் பேச்சியம்மாவையே கேட்டு வர, ஹெட் மெக்கானிக் ஆரோக்கியத்துக்கு வயிறு எரிந்தது. போன வருசம்வரை வண்டி கழுவியவள்!

இன்ஜின் சரியாகச் சூடேறவில்லையென்று ஒரு மினிவேன் வந்தது. வேன்காரர் முன்னாலேயே ஆரோக்கியம் சொன்னார்: "உள்ள இன்ஜின் சூட்டைச் சீரா வச்சிருக்கிற தெர்மோஸ்டாட்டைக் கண்டுபிடிச்சு மாத்து. முடியலைன்னா பழையபடி வாளியைத் தூக்கு." அந்த வேனில் அது இல்லையென்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று அவருக்குக் குஷி.

பேச்சியம்மா ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினில் சேருகிற மூடியைக் கழற்றினாள். காலி.

"கிடைக்கலையா?" இளித்தார் ஆரோக்கியம்.

அவள் நேரே அவர் மேஜைக்குப் போய், மாதா படத்தடியில் ஊதுபத்தி குத்தியிருந்த வட்டத் தகட்டை எடுத்து வந்தாள்.

"கிடைச்சிருச்சு அண்ணே. நம்ம வெயிலுக்கு இது எதுக்குன்னு நீங்கதான கழட்டுனீங்க? அன்னைக்கு இதே வேனைத்தான் நான் கழுவிக்கிட்டு நின்னேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையேய்யா!" வேன்காரர் சாவியைப் பேச்சியம்மாவிடம் நீட்டினார்.

புதிதை மாட்டி முடித்தவள், பழையதைத் துடைத்து ஆரோக்கியத்திடம் கொடுத்தாள்.

"மாதாவுக்கு ஊதுபத்தி வைக்கணுமே அண்ணே."