கொன்றைநாட்டுச் சுவரைத் திருத்திய கதை

கொன்றைநாட்டு அரண்மனை வாசலில் ஒரு நீளச் சுவர். நம் நாடு எப்படிப்பட்டது என்று அதில் யார் வேண்டுமானாலும் கரியால் எழுதலாம். யார் வேண்டுமானாலும் ஈரத்துணியால் அழிக்கலாம். ஒரே ஒரு சட்டம்தான்: பொய்யை மட்டுமே அழிக்கலாம். மெய்யைத் தொட்டால் மன்னரே ஆனாலும் குற்றம்.

பக்கத்து நாட்டு இளவரசர் பௌர்ணமியன்று பெண் கேட்டு வருகிறார் என்று சேதி வந்தது. மன்னர் செங்கண்ணர் அவசர அவசரமாகச் சுவரைப் படித்தார். 'பெரிய ஏரிக்கரை உடைந்து கிடக்கிறது.' 'வடக்குப் பாலத்தில் மாடு நடக்கும், வண்டி விழும்.' 'கோட்டைக் கிணற்றில் தவளைக்குத்தான் குடித்தனம்.' மன்னருக்கு வியர்த்துக் கொட்டியது.

அமைச்சர் மழவராயர் தாமே கரியெடுத்து, 'இங்கே பாலும் தேனும் ஆறாக ஓடும்' என்று எழுதினார். சாயங்காலம் பார்த்தால் அதன் கீழே, 'எந்தத் தெருவில் என்று சொன்னால் குடத்தோடு வருகிறோம்' என்று இருந்தது. விளக்கு வைப்பதற்குள் அமைச்சர் எழுதியதை யாரோ துடைத்தும் விட்டார்கள்.

இந்த அவமானத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. சபையில் எல்லோரையும் சிரிக்கவைக்கும் அல்லியங்கோதை அகப்பட்டாள். பால் மறக்காத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே சபைக்கு வருபவள் அவள். வாய் நீளமாக இருக்கிறதே, அவளே திருத்தட்டும், பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் பிள்ளையோடு எல்லை தாண்டட்டும் என்று அமைச்சர் மன்னர் காதில் ஓதினார். மன்னரும் தலையாட்டிவிட்டார். எல்லைக்கு அப்பால் வெறும் பொட்டல். குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது.

கோதை பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். திருத்த என்ன கேட்டாலும் தர வேண்டும் என்று மட்டும் ஆணை வாங்கினாள். துணியும் தண்ணீரும்தானே கேட்பாள் என்று மன்னர் முத்திரை மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார்.

அவள் கேட்டது கொத்தனார்களை. அப்புறம் சுண்ணாம்பு, தேக்குமரம், பட்டத்து யானை.

"ஒரு வரியை அழிக்க யானை எதற்கடி?" என்றார் அமைச்சர்.

"கொஞ்சம் கனமான வரி, ஐயா."

ஏரிக்கரை எழும்பியது. கோதை துணியை நனைத்து அந்த வரியைத் துடைத்தாள். பாலம் நிமிர்ந்தது. இன்னொரு துடைப்பு. கிணற்றைத் தூர் வாரினார்கள். தவளைகள் கோபித்துக்கொண்டு அமைச்சர் வீட்டுத் தோட்டத்துக்குக் குடிபோயின.

பௌர்ணமியும் வந்தது. இளவரசரோடு மன்னர் சுவரைப் பார்க்க வந்தார். வெள்ளை வெளேரென்ற சுவரில் ஒரே ஒரு வரி மிச்சம்: 'எங்கள் மன்னருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.'

மன்னரின் முகம் சிவந்தது. வேலை முடியவில்லை, இவளை அனுப்பிவிடலாம் என்று அமைச்சர் துள்ளினார்.

"இதை ஏன் விட்டுவைத்தாய்?" என்று மன்னர் உறுமினார்.

கோதை மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஈரத்துணியை நீட்டினாள். "மற்றதையெல்லாம் நான் பொய்யாக்கிவிட்டேன், மன்னா. இதைப் பொய்யாக்க யானையாலும் ஆகாது. நீங்கள்தான் மனசு வைக்க வேண்டும்."

இளவரசர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மன்னர் அவரைப் பார்த்தார், கோதையைப் பார்த்தார், உர்ரென்றிருந்த தம் முகத்தைத் தாமே தடவிப் பார்த்தார். அப்புறம் கிரீடம் சரியச் சிரித்தார். கோதை எங்கும் போக வேண்டாம், ஏரிக்கரைத் தென்னந்தோப்பு அவள் மகளுக்கு என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு மோர்க்காரி வந்து துணியை வாங்கி அந்த வரியைத் துடைத்தாள். அந்த இடத்திலேயே, 'எங்கள் மன்னருக்குக் கோபமே வராது' என்று எழுதினாள்.

மன்னர் அதை ஒருமுறை படித்தார். அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கரியை வாங்கி, முன்னால் ஒரு சொல்லைத் தம் கையாலேயே சேர்த்தார்:

'இன்றைக்கு.'