குளத்தைத் திருத்திய நால்வர்

ஒட்டுக்கரைப்பாளையம் புகைப்பட மன்றத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர், கேமரா ஒன்று. கேமரா விதைக்கடை சென்னியப்பனுடையது. முக்காலி வைத்திருந்ததால் நாச்சிமுத்து தலைவர். மருமகன் மறந்துவிட்டுப் போன லேப்டாப் வீட்டில் கிடந்ததால் ராக்கியண்ணன் செயலாளர். மாரப்பனிடம் இருந்தது ஒரு குடை. எதைப் படம் எடுத்தாலும் அதற்கு வெயில் படாமல் பிடிப்பது அவர் வேலை. நால்வரின் வயதையும் கூட்டினால் இருநூற்றைத் தாண்டும். அறிவை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

சென்னியப்பனுக்குக் கேமரா என்றால் உயிர். வெண்டை விதை கேட்டு வந்தவரை "அப்படியே நில்லுங்க, வெளிச்சம் நல்லா விழுகுது" என்று அரை மணி நேரம் நிறுத்திவைப்பார். வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். ஆறு வருஷமாகப் போட்டிகளுக்குப் படம் அனுப்பி, ஒரு பென்சில்கூடப் பரிசாக வந்ததில்லை. அவர் மனைவி வேலாத்தாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இந்தத் தடவையும் ஒரு ஆறுதல் பரிசாச்சும் வரலைன்னா, கேமரா பரணுக்குப் போயிரும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றாள்.

வேலாத்தாள் சொன்னால் சொன்னதுதான். சென்னியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல வேளையாக, நீர்நிலைகளைக் காக்கும் சங்கம் ஒன்று 'எங்க ஊர்க் குளம்' என்று ஒரு போட்டி அறிவித்திருந்தது. சென்னியப்பனிடம் அதற்கேற்ற படம் இருந்தது. ஊர்க்குளம், கரையில் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்த ஒல்லிப் பாக்குமரம், தூரத்தில் செல்போன் கோபுரம், தண்ணீரில் ஓர் எருமை, எருமைக்குக் குடை பிடித்தபடி மாரப்பன். படம் கொஞ்சம் மங்கல். அதைத் திருத்த ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், எதை எடுப்பது என்று கேட்க நால்வரும் கம்ப்யூட்டர் சென்டர் அன்வரிடம் போனார்கள்.

அன்வர் நல்ல மனுஷன். "மூணு இருக்குதுங்க. ஏழு நாளைக்கு மூணையும் ஓசியில பார்க்கலாம். எது ஒத்து வருதோ அதை வாங்கிக்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. மூலப்படத்துல கை வைக்காதீங்க. நகல் எடுத்து, அதுல வேலை பாருங்க."

மூலத்தில் கை படக்கூடாது என்பதால், பிரிண்ட் போட்ட படத்தை வாழையிலையில் ஏந்திக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். நகல் கறுப்பு வெள்ளையில் வந்தது.

"நகல்னா சும்மா செல்லாதுங்களே. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும்" என்றார் ராக்கியண்ணன்.

ஊரில் இருந்த ஒரே கெஜட்டட் அதிகாரி கால்நடை மருத்துவர். அவர் படத்தை வாங்கி, எருமையை மட்டும் உற்றுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, பச்சை மையில் 'உண்மை நகல்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

அன்வர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, கேமராவிலிருந்து தானே ஒரு நகலை லேப்டாப்பில் ஏற்றி, மூன்று சாஃப்ட்வேரையும் போட்டுக் கொடுத்தார். ஏழு நாள் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்ததால், நால்வரும் முறை வைத்து ஆறு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மாரப்பன் முறையில் மட்டும் ஒரு முறை திரை இருண்டது. அவர் பயந்துபோய்க் குடையை விரித்தார். ஏழாம் நாள் அந்தப் பக்கம் வந்த அன்வர் "பட்டனை அமுக்குங்கப்பா!" என்று கத்திய பிறகுதான் விஷயம் புரிந்தது.

முதல் சாஃப்ட்வேர் குளத்துத் தண்ணீரை நீலமாக்கியது. இரண்டாவது, செல்போன் கோபுரத்தை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. மூன்றாவது, சாய்ந்த பாக்குமரத்தை நிமிர்த்திவிட்டு, எருமையையும் மாரப்பனையும் துடைத்து எடுத்தது. மூன்றும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. சென்னியப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அப்போதுதான் தலைவர் நாச்சிமுத்து போட்டி விதிகளை வாசித்தார். 'படத்தில் இருப்பது நேரில் இருக்க வேண்டும். நடுவர் நேரில் வந்து சரிபார்ப்பார்.'

நால்வரும் திரையை மறுபடி ஒரு முறை உற்றுப் பார்த்தார்கள்.

"அப்ப ஒண்ணும் திருத்தாம அனுப்பிரலாமுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"திருத்தறதுக்குத்தானே சாஃப்ட்வேர் பார்த்தோம்? அதுக்கு ஆறு நாள் தூங்காம முழிச்சிருக்கோம்" என்றார் நாச்சிமுத்து. "படத்தைத் திருத்தியாச்சு. இனி குளத்தைத் திருத்தோணும். அவ்வளவுதானே?"

"எந்த சாஃப்ட்வேர் மாதிரி திருத்தறது?" என்றார் ராக்கியண்ணன்.

"எது மாதிரித் திருத்தறது சுலபமோ, அதுதான் நமக்கு ஒத்து வர்ற சாஃப்ட்வேர்."

இவ்வளவு தெளிவாகப் பேசும் ஒருவரைத் தலைவராக்கியதில் மற்ற மூவருக்கும் பெருமையாக இருந்தது.

முதலாவதைச் சோதிக்க, நான்கு பாட்டில் சொட்டு நீலத்தைக் குளத்தில் ஊற்றினார்கள். தவளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாரப்பன் வேட்டி மட்டும் பளிச்சென்று ஆனது. இரண்டாவதற்காக, கோபுரத்தின் காவலாளியிடம் போய், "ஒரு காலை நேரத்துக்கு மட்டும் இதைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சுக்குங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. எருமையை ஓட்டிவிடலாம், மரத்தைக் கயிறு கட்டி இழுக்கலாம் என்பதால் மூன்றாவதே சுலபம் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, அதையே வாங்கி, அது திருத்திய படத்தைப் போட்டிக்கு அனுப்பினார்கள்.

மாரப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"நான் எங்கீங்க போறது?"

"படத்துல நீ இல்லை. நடுவர் பார்த்துட்டுப் போற வரைக்கும் நீ இல்லை, மாரப்பா."

"சாப்பிடலாமுங்களா?"

தலைவர் யோசித்தார். "கரைக்கு அந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடு. இந்தப் பக்கம் தெரியக் கூடாது."

நடுவர் வரும் நாளும் வந்தது. பாக்குமரத்தின் உச்சியில் கயிறு கட்டி, கரைக்கு அந்தப் பக்கம் எருமையின் கழுத்தில் மறுமுனையைக் கட்டினார்கள். எருமை ஓர் அடி முன்னே வைத்ததும் மரம் நிமிர்ந்தது. எருமையும் மறைந்தாயிற்று, மரமும் நிமிர்ந்தாயிற்று. எருமையைப் பிடித்துக்கொண்டு மாரப்பன் சோற்றுத் தூக்குப்போசியுடன் உட்கார்ந்தார்.

கண்ணாடி போட்ட நடுவர் கையில் படத்துடன் கரையில் வந்து நின்றார். படத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். மரம் நேராக நின்றது. தண்ணீரில் யாரும் இல்லை.

"அச்சு அசலா இருக்குதே!" என்றார். "இந்த வருசம் எல்லாரும் கண்டபடி திருத்தி அனுப்பறாங்க. உங்களை மாதிரி நாணயமானவங்களைப் பார்க்கறது அபூர்வம்."

சென்னியப்பனுக்குப் பரணைப் பற்றிய பயம் விலகியது. பேனாவைத் திறந்த நடுவர், "வழக்கத்துக்காகக் கேக்கறேன். மூலப்படம் இருக்குதுங்களா?" என்றார்.

"கையே படாம வெச்சிருக்கோமுங்க!" என்று ராக்கியண்ணன் வாழையிலையோடு நீட்டினார். கூடவே மருத்துவர் கையெழுத்துப் போட்ட நகலையும் கொடுத்தார்.

நடுவர் முகம் மாறியது. "என்னங்க இது? இதுல மரம் சாஞ்சிருக்கு. எருமை இருக்கு. குடையோட ஒருத்தர் நிக்கறாரு. இங்க அதெல்லாம் ஒண்ணும் இல்லையே. மூலப்படத்துக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லையே!"

சென்னியப்பன் கலங்கிப்போய்த் தலைவரைப் பார்த்தார். தலைவர் கலங்கவில்லை.

"மாரப்பா! வா!" என்று குரல் கொடுத்தார்.

அந்தப் பக்கம் மாரப்பன் கயிற்றை அவிழ்த்தார். பாக்குமரம் சடாரென்று பழைய சாய்வுக்கே திரும்பி, மட்டையால் தண்ணீரை அறைந்தது. அறைந்த தண்ணீர் நடுவர்மேல் கொட்டியது. எருமை கரையேறி, அவரை இடித்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கியது. பின்னாலேயே மாரப்பன் ஓடிவந்து, எருமைக்குக் குடையை விரித்துப் பிடித்தார்.

"இப்பப் பாருங்க சார்" என்றார் நாச்சிமுத்து.

நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நீங்க போட்டிக்கு அனுப்பின படம் ஒத்துப்போகலையே!"

"மாரப்பா! போ!"

மாரப்பன் எருமையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறினார்.

"உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க சார். அதையே வெச்சுடறோம். எங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லை" என்றார் தலைவர் பெருந்தன்மையுடன்.

நடுவர் கையிலிருந்த காகிதங்களோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டிக்குப் போனார். கரையின் உச்சியில் எருமையோடு நின்ற மாரப்பன், "இப்ப நான் இருக்கறனுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார். இருந்த துக்கத்தில் யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

போட்டி முடிவு வந்தது. ஆறுதல் பரிசு அந்த எருமைப் படத்தின் நகலுக்குத்தான், ஆனால் பரிசு பெற்றவர் கால்நடை மருத்துவர். பரிசீலனைக்கு வந்த காகிதங்களில் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தது அந்த ஒன்றில்தானாம்.

அன்றைக்கே வேலாத்தாள் கேமராவைத் தூக்கிப் பரணில் வைத்தாள். சென்னியப்பன் குழந்தைபோல அழுதார். மன்றம் அவசரமாகக் கூடியது.

"கேமரா பரண்ல இருக்கோணும்னு சொன்னாங்க. சரி. படம் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இல்லீங்க."

"பரணுக்கு யாரும் போகக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"அதுவும் இல்லீங்க."

கொஞ்ச நேரத்தில் முக்காலி, லேப்டாப், குடை எல்லாவற்றோடும் நால்வரும் ஏணி வைத்துப் பரணில் ஏறிவிட்டார்கள். விதை மூட்டைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்த வேலாத்தாள், ஒரு கையில் கரண்டியும் மறு கை இடுப்பிலுமாக, ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சம் நன்றாக விழுந்தது. சென்னியப்பன் கிளிக் செய்துவிட்டார்.

படத்தை லேப்டாப்பில் ஏற்றி, மூன்றாவது சாஃப்ட்வேரின் பட்டனை ராக்கியண்ணன் அமுக்கினார். திரையில் வேலாத்தாள் முகம் மலரச் சிரித்தாள். கல்யாணப் படத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைச் சென்னியப்பன் பார்த்ததே இல்லை.

"அருமையான படம். இதுக்குப் பரிசு நிச்சயம்" என்றார் நாச்சிமுத்து. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா, படத்துல இருக்கறது நேர்லயும் இருக்கோணுமே" என்றார்.

நால்வரும் கீழே எட்டிப் பார்த்தார்கள். வேலாத்தாள் அதே இடத்தில்தான் நின்றாள். அதே கரண்டி, அதே முகம்.

"யாராச்சும் எறங்கிப் போய்ச் சிரிக்கச் சொல்லோணும்."

சென்னியப்பன் தலைவரைப் பார்த்தார். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மாரப்பனைப் பார்த்தார். பிறகு மூவருமே மாரப்பனைப் பார்த்தார்கள்.

மாரப்பன் நிதானமாகக் குடையை விரித்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"என்னை ஏனுங்க பார்க்கறீங்க? நான்தான் இல்லீங்களே."