பிசின் பூசிய முடிச்சு

குளக்கரைக் காட்டில் சடையன் என்றொரு நரி தூளி விற்றுவந்தது. குட்டிகளைப் போட்டு ஆட்டும் புல் தூளி. அதைத் தாங்கும் முடிச்சு நரி கண்டுபிடித்தது அல்ல. அஞ்சலை என்ற தூக்கணாங்குருவி கண்டுபிடித்தது.

அஞ்சலை அதை எல்லாருக்கும் சும்மாவே கற்றுக்கொடுத்தது. "யார் வேண்டுமானாலும் போடலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் யாரிடம் கற்றதென்று சொல்லணும். வாங்குகிறவருக்கு முடிச்சைத் திறந்து காட்டணும். அவ்வளவுதான்!"

"பேஷாகச் செய்கிறேன்!" என்றது நரி. வீட்டுக்கு வந்ததும் முடிச்சுகளின் மேல் வேப்பம்பிசினை அப்பி மறைத்தது. "எங்கள் பரம்பரை ரகசியம்!" என்று சொல்லிச் சொல்லி விற்றது.

கோடை வந்தது. அஞ்சலை மரம் மரமாகப் பறந்து கத்தியது. "புல் காய்ந்தால் என் முடிச்சு நழுவுது! இன்னொரு சுற்று சுற்றிக்கோங்க!"

நரிக்கும் கேட்டது. 'வெளியே சொன்னால் குட்டு உடைந்துவிடுமே!' என்று வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் மங்கா என்ற குரங்கு, நரியிடம் வாங்கிய தூளியைத் தூக்கிக்கொண்டு வந்தது. "சடையண்ணே, இதிலே பிள்ளையைப் போடவே பயமா இருக்கு!"

"நீ வேற! யானையே படுக்கலாம், பார்!"

குளத்தின் மேல் நீண்ட கிளையில் தூளியைக் கட்டி, பிசின் தாங்கிக்கொள்ளும் என்ற தைரியத்தில் நரி ஏறிப் படுத்தது. சர்ரென்று ஒரு முனை அவிழ்ந்தது. மறுமுனையில் கால் சிக்கி நரி தலைகீழாகத் தொங்கியது. அந்த முடிச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. கீழே குளத்தில் கிடந்த முதலை நிதானமாக வாயைத் திறந்தது.

மங்கா கிளைக்குத் தாவியது. "பிசின் மறைக்குதே! ரகசியத்தைச் சொல்லுங்கண்ணே, இறுக்கிவிடுறேன்!"

"ஐயோ, எனக்கு ஒரு ரகசியமும் தெரியாது! அது அஞ்சலையோட முடிச்சு! அஞ்சலையைக் கூப்பிடு!" என்று காடே கேட்கக் கதறியது நரி.

அஞ்சலை பறந்து வந்தது. "முதல்லே பிசினை உரி!" என்றது. அது சொல்லச் சொல்ல மங்கா இன்னொரு சுற்றுப் போட்டு இறுக்கியது. பிறகு நரியை வாலைப் பிடித்து மேலே இழுத்தது. முதலை அலுப்போடு வாயை மூடிக்கொண்டது.

"இனிமேல் நான் தூளி விற்கக் கூடாதா?" என்று நரி ஈனக்குரலில் கேட்டது.

"விற்காதே என்று நான் எப்போது சொன்னேன்? விற்ற தூளி அத்தனையிலும் பிசினை உரித்து, இன்னொரு சுற்றுப் போட்டு, உண்மையைச் சொல்லிவிட்டு வா!"

நரி வீடு வீடாகப் போய்ப் பல்லாலேயே உரித்தது. பிசின் பல்லில் ஒட்டிக்கொண்டதால், "அஞ்சலை முடிச்சு" என்று சொல்லப்போனால் "அம்மமை மும்மு!" என்றுதான் வாயிலிருந்து வந்தது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஒருவர் மனமுவந்து பொதுவில் கொடுத்ததை எடுத்துப் பிழைப்பவர், அவர் வைத்த நிபந்தனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.