இருபது சொட்டுப் புளிப்பு

ஒரு மிட்டாய்க்கடையின் பின்கட்டில், டப்பா நிறையச் சீனி இருந்தது. இனிப்பு என்றாலே தான்தான் என்று அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கெடுத்தது எலுமிச்சம்பழம்.

கடைக்காரர் செபத்தையா ஜாங்கிரி பிழிவார். அவர் மனைவி ஞானப்பூ பாகு காய்ச்சுவாள். ஒரு கிலோ சீனிக்கு அரை லிட்டர் தண்ணீர். விரலில் ஒரு கம்பி இழுக்கும் பதம் வந்ததும், எலுமிச்சம்பழத்தை அறுத்து இருபது சொட்டு விடுவாள். பத்தொன்பதும் இல்லை, இருபத்தொன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் செபத்தையா கரண்டி நுனியை நக்கிப் பார்ப்பார்.

"இப்பத்தான் பாகு" என்பார்.

அந்த 'இப்பத்தான்' சீனியை அரித்தது. கொதித்தது நான், கரைந்தது நான். கடைசியில் வந்து இருபது சொட்டு விட்டவனுக்குப் பேரா?

ஒருநாள் சவரிமுத்து என்பவர் கடைக்கு வந்தார். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு ஜாங்கிரி வேண்டும் என்றார்.

"முதல்ல இருபத்துநாலு போட்டு வைங்க அண்ணாச்சி. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து தின்னு பாக்கேன். பிடிச்சா மிச்சம் உங்களுக்கு, இல்லாட்டா எதுத்த கடைக்கு."

மறுநாள் காலை அடுப்பு மூட்டினார்கள். சீனி சட்டிக்குள் இறங்கியது. பக்கத்துப் பலகையில் எலுமிச்சம்பழம் காத்திருந்தது.

"ஏய் புளிப்பு, ஜாங்கிரி தின்னவன் எவனாவது எலுமிச்சை நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறானா?" என்றது சீனி.

"சொல்லக்கூடாது. சொன்னால் நான் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம்."

"உன் சொந்தக்காரர்கள் எல்லாம் ஊறுகாய் ஜாடியில் உப்போடு கிடக்கிறார்கள். அங்கே போகாமல் இங்கே உனக்கு என்ன வேலை?"

"உன் மணிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் விலக்கி நிறுத்துவதுதான்."

சீனி பொங்கியது. "என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? ஒரே இடத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு நடுவே நிற்க நீ யார்? மானம் இருந்தால் உருண்டு போ!"

எலுமிச்சைக்கு ரோஷம் அதிகம். பலகையிலிருந்து உருண்டு, விறகுக்கட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது.

கம்பிப் பதம் வந்தது. ஞானப்பூ கையை நீட்டினாள். பலகையில் கத்தி மட்டும்தான் இருந்தது.

"ஏங்க, பழத்தக் காணோம். ஓடிப் போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"ஏட்டி, எண்ணெய் காஞ்சிட்டு. நல்ல சீனிதானே? ஒருநாளைக்கு இல்லாட்டா பாகு என்ன ஓடியா போயிரும்?"

கரண்டியை நக்கினார். "தேன் மாதிரி இருக்கு!"

சீனிக்குத் தலைகால் புரியவில்லை. இன்று பேர் தனக்கு மட்டும்தான்!

இருபத்துநாலு ஜாங்கிரியும் பாகில் ஊறி, தட்டில் ஏறின. சட்டி அடுப்பிலிருந்து இறங்கியது. சூடு தணியத் தணிய, சட்டியின் விளிம்பில் ஒரு மணி கரைந்திருக்க மனமில்லாமல் எழுந்து உட்கார்ந்தது.

"அவன் மட்டும் உட்காரலாமா?" என்று பக்கத்து மணி அவன்மேல் சாய்ந்து உட்கார்ந்தது.

"உங்கள் இருவருக்கும் மட்டும்தான் இடமா?" என்று மூன்றாவது முட்டியது.

"பிள்ளைகளா, கரைந்தே இருங்கள்! விருந்தாளி வரட்டும்!" என்று சீனி கெஞ்சியது.

"எலுமிச்சையைப் பார்த்து நீயும் இப்படித்தானே பொருமினாய்? உன்னிடம் படித்ததுதான்" என்றது ஒரு மணி. நான்காவது, நாற்பதாவது, நானூறாவது என்று ஒன்றைப் பார்த்து ஒன்று, ஒன்றின் தோளில் ஒன்று. சட்டியிலும் தட்டிலும் அதே தள்ளுமுள்ளு.

பதினோரு மணிக்குச் சவரிமுத்து வந்தார். ஜாங்கிரிகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. ஒன்றைக் கடித்தார். கடுக்கென்றது.

"என்ன அண்ணாச்சி, ஜாங்கிரி கேட்டா கல்கண்டு குடுக்கியளே?"

மிச்சம் இருபத்துமூன்றையும் தொடாமல், எதிர்க்கடைக்கு நடந்தார்.

செபத்தையா சட்டிக்குள் கரண்டியை விட்டார். அசையவில்லை. "மட்டச் சீனி. இனிமே இந்தச் சீனி நமக்கு வேண்டாம்ட்டி" என்றார்.

தன்மேல் தப்பில்லை என்று சொல்லச் சீனி வாயைத் திறக்கப் பார்த்தது. அதன் பிள்ளைகள் அதன் வாய்மேலும் உட்கார்ந்திருந்தார்கள்.