இருவாச்சி வெளியே வரும்வரை

ஒரு மலைக்காட்டில், குழந்தைகளே, ஒரு நாவல்மரப் பொந்துக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

ஒருத்தி மலையணில். மாதக் கடைசியில் குட்டி போட வேண்டும் என்று இலையும் நாருமாக இழுத்துவந்து, பொந்தை மெத்தென்று ஆக்கி வைத்திருந்தாள். இன்னொருவன் மரநாய். அவள் இரை தேடப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, "இது என் பாட்டன் பொந்து" என்று படுத்துக்கொண்டான்.

வழக்கு, காட்டுக்கே நியாயம் சொல்லும் யானையம்மாவிடம் போனது.

"எட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் அவரவர் சாட்சியை இங்கே கூட்டிவர வேண்டும். எதிராளி முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு வருகிற சாட்சி செல்லாது" என்றாள் யானை.

அணிலுக்கு ஒரே சாட்சி, எதிர்மரத்து இருவாச்சிப் பறவை. அவளோ அடைகாப்பதற்காகத் தன் பொந்தின் வாயை மண்ணால் பூசிக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அலகு நீட்ட ஒரு கீறல்தான் மிச்சம். அந்தக் கீறல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"குஞ்சுகளை விட்டுவிட்டு எப்படியடி வருவேன்? இன்னும் பன்னிரண்டு நாள் போகட்டும்" என்றாள் இருவாச்சி.

அணில் முதலில் மரநாயிடமே போனாள். "அண்ணே, என் சாட்சி வரத் தாமதமாகும். யானையம்மாவிடம் வாய்தா கேட்கலாம் என்று இருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?"

மரநாய் விழுந்து விழுந்து சிரித்தான். "கேளேன்! நாள் கேட்டாலே உன் பக்கம் பொய் என்று தெரிந்துவிடும். பேசாமல் இரு. அந்தம்மாவுக்கு இளகின மனசு. கடைசியில் தானே நாளை நீட்டிக் கொடுக்கும்."

அணில் கடவுளை ஒருதரம் நினைத்துக்கொண்டு, மூன்றாம் நாளே யானைமுன் போய் நின்றாள்.

"அம்மா, என் சாட்சி இருவாச்சி குஞ்சுகளோடு பொந்துக்குள் அடைந்திருக்கிறாள். இன்றிலிருந்து பன்னிரண்டு நாள் வாய்தா வேண்டும். எதிராளியிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் சிரிக்கிறார்."

யானை நேரே போய்ப் பார்த்தாள். கீறலுக்கு வெளியே அலகு; உள்ளே கீச்கீச் என்று ஒரே சத்தம்.

"நியாயம்தான். இரண்டு பேருக்கும் பதினைந்தாம் நாள்வரை வாய்தா!"

"எனக்குமா? கேட்காமலே கிடைத்ததே!" என்று மரநாய் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் காலையில் மண்பூச்சைக் கொத்தி உடைத்துக்கொண்டு இருவாச்சி பறந்து வந்தாள். மரநாயின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "நாரெல்லாம் இழுத்துவந்தது இவள். இவள் இல்லாதபோது நுழைந்தவன் நீ. நாவல்பழம் தின்ற வாயைக்கூட அன்றைக்கு நீ துடைக்கவில்லை!"

மரநாய் மறுபடி பொந்துக்குள் போய்ச் சுருண்டு படுத்தான். அவன் பக்கம் ஒரு சாட்சியும் வராமலே பொழுது சாய்ந்தது.

மறுநாள் விடிந்ததும் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அம்மா, எனக்கும் பத்து நாள் வாய்தா! என் சாட்சி காட்டெருமை மலைக்கு அந்தப் பக்கம் மேயப் போய்விட்டது."

"எப்போது போனது?"

"அது... ஒரு வாரம் இருக்கும்."

"ஒரு வாரமாகத் தெரிந்ததை, நாள் முடிந்த பிறகா சொல்வாய்? நேற்றுவரை என்னப்பா செய்தாய்?"

"தூங்கினேன்" என்று உண்மை வாயில் வந்துவிட்டது.

யானைக்கே சிரிப்பு அடங்கவில்லை. "பொந்து அணிலுக்கு. நீ இறங்கு!"

அந்த மாதக் கடைசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. பொந்துக்குள் இரண்டு குட்டிகள் ஒரு சொட்டும் நனையாமல், தாயின் வாலைப் போர்த்திக்கொண்டு பால் குடித்தன.

நீதி: அவகாசம் வேண்டுமென்றால், நாள் இருக்கும்போதே உண்மையைச் சொல்லிக் கேட்டுவிடு.